வீடா, சானடோரியமா? சென்னை தந்த விடை

சென்னை நகரிலிருந்து மின்சார இரயிலில் தெற்கே செல்பவர்கள், தாம்பரத்திற்கு முந்திய நிலையத்தில் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர்ப்பலகையைக் காணலாம். 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து அங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையே அப்பெயருக்குக் காரணம். காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு ஆகிய இம்மூன்றையுமே மருத்துவர்கள் நம்பியிருந்தனர்.

இம்மூன்றும் ஏழைக்கு எப்படிக் கிடைக்கும்? குடும்பத்தில் உழைப்பவர் ஓராண்டு மருத்துவமனையில் படுத்துவிட்டால் அடுப்பு எப்படி எரியும்? தாய் போய்விட்டால் குழந்தைகளைப் பார்ப்பது யார்? லயத்து வீடுகளில் வாழ்ந்து பழகிய நமக்கு இக்கேள்விகளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1943இல் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. போரினால் நலிந்திருந்த பிரிட்டனிடம் அதை வேண்டிய மட்டும் வாங்க டாலர் இல்லை. எனவே கிடைத்த சிறிதளவு மருந்தைக் கொண்டு அதன் பயனை முறையாகச் சோதிக்க முடிவு செய்தனர். 107 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் பிரித்து, 55 பேருக்கு ஓய்வுடன் மருந்தும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் அளித்தனர். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்தனர். 1948இல் வெளியான இம்முடிவு, ஒரு சிகிச்சையை எப்படி நியாயமாக எடைபோடுவது என்பதற்கே வழிகாட்டியாயிற்று.

1952க்குப் பின் ஐசோனியாசிட் என்ற மலிவான மாத்திரை வந்தது. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தனர். மருத்துவமனைப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. எல்லாருக்கும் படுக்கை கட்டித் தீர்வதென்றால் எத்தனை தலைமுறை ஆகும்? மாத்திரையை வீட்டிலேயே கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், ஆனால் நோயாளி பிழைப்பாரா? வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு நோய் தொற்றாதா?

இதற்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை தாங்கினார். நகரின் ஏழை மக்களில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினர் சானடோரியத்திற்கும், மறு பகுதியினர் தங்கள் வீட்டுக்கும் அனுப்பப்பட்டனர். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். வீட்டில் இருந்தவர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று ஊழியர்கள் திடீரென்று சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரையும் சோதித்தனர்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. உடல் எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டிலிருந்தவர்களுக்கோ நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த உணவு, குறைந்த ஓய்வு. ஆயினும் 1959இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. நோய் குணமாவதில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை! குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் கவனித்ததில், வீட்டுச் சிகிச்சையால் தொற்று கூடவில்லை என்பதும் தெரிந்தது. பெரும் ஆபத்து, நோயைக் கண்டறியும் முன்பே வீட்டில் பரவிய கிருமியால்தான்.

நேயர்களே, இது ஏழைக்கு மட்டும் ஒதுக்கிய இரண்டாந்தர வைத்தியம் அன்று. பணக்கார நாடுகளும் பின்னர் தங்கள் சானடோரியங்களை ஒவ்வொன்றாக மூடின. சென்னையின் குடிசைப் பகுதி மக்கள் தந்த விடையை உலகமே ஏற்றது. அந்த நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சென்னைச் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

செலவுக்கும் பயனுக்கும் கணக்குப் பார்க்கும் இத்தகைய ஆராய்ச்சி பின்னர் 'சுகாதாரப் பொருளாதாரம்' என்ற தனிக் கல்வியாகவே வளர்ந்தது. 1972இல் ஆர்ச்சி காக்ரன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், பயன் நிரூபிக்கப்படாத சிகிச்சைக்கு மக்கள் பணத்தைக் கொட்டலாகாது என்று நூலெழுதி வாதாடினார். இன்று இங்கிலாந்தின் யார்க் போன்ற பல்கலைக்கழகங்களில் இதனை முதுகலைப் பட்டத்திற்குப் பயில்கின்றனர். நம் மலேசியச் சுகாதார அமைச்சிலும் 1995இல் மருத்துவத் தொழில்நுட்பங்களை மதிப்பிடும் பிரிவு ஏற்பட்டது. புதிய இயந்திரமோ மருந்தோ வரும்போது, அது உண்மையில் உயிர் காக்கிறதா, அதே வெள்ளியை வேறெங்கே செலவிட்டால் இன்னும் பலரைக் காக்கலாம் என்று கேட்பதே இக்கல்வியின் சாரம்.

ஒன்றை மறக்கலாகாது. மருத்துவமனையின் செலவு மட்டுமே செலவன்று. நோயாளி இழக்கும் நாட்கூலி, மருந்துக்காக நடக்கும் தூரம், பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை ஆகியவையும் கணக்கில் ஏற வேண்டும். அவற்றைப் பட்டறிந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளை இக்கல்வியைப் பயின்றால், ஏட்டில் விடுபட்டதை எழுதிச் சேர்க்க அப்பிள்ளையால் முடியும். கணக்குப் பாடத்தைக் கண்டு அஞ்சும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்வோம்.

இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் ஒளிக்காமல் மருத்துவரிடம் செல்வோம். மருந்தைத் தொடங்கினால் முடிக்கும் வரை நிறுத்தாதிருப்போம். அன்று தங்கள் வீட்டுக் கதவைத் திறந்து சோதனைக்கு இடம் தந்த அந்த ஏழைக் குடும்பங்களுக்கு நாம் செய்யும் நன்றி அதுவே.