கூரையை மாற்றுவது யார்?

வீட்டின் சுவர் மூன்று தலைமுறைக்கு நிற்கும். அத்திவாரம் அதற்கும் மேலாக நிற்கும். கூரை அவ்வாறன்று. வெயிலையும் மழையையும் முதலில் வாங்குவது அதுவே என்பதால், ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள்ளேயே அது ஒரு தடவையேனும் மாற்றப்பட வேண்டியதாகிறது. ஆதலால் ஒரு சமூகத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் சுவரைப் பார்ப்பதிலும் கூரையைப் பார்ப்பது பயன் தரும். எதனால் வேய்ந்தார்கள் என்பதை மட்டும் அது சொல்வதில்லை. கூரை பழுதானபோது யாரை அழைத்தார்கள், யார் செலவு செய்தார்கள், யார் முடிவெடுத்தார்கள் என்பவற்றையும் அது சொல்லும். இலங்கைத் தமிழரின் கூரை வரலாற்றில் இந்த மூன்றாவது வினாவே முக்கியமானது என்பது என் எண்ணம்.

ஓலைக் காலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய கூரை பனையோலைக் கூரையாகும். மண்சுவர், பனைமரச் சிலாகை, அதன்மேல் ஓலை. தென்னை மிகுந்த இடங்களில் பின்னிய கிடுகு ஓலையின் இடத்தைப் பிடித்தது. ஓலைக்கூரை நீரை வேகமாக வழியவிட வேண்டும், தேங்கினால் உளுத்துவிடும். ஆகவேதான் அது செங்குத்தாகச் சரிந்து, தாழ்வாரம் தலையில் முட்டுமளவுக்கு இறங்கியிருந்தது.

ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும். அதற்கு முன்னர் வீடு வேய்ந்து முடிய வேண்டும். ஓரிரு மாரிக்கு ஒருமுறை வந்த இந்த வேலைக்கு அயலவர் கூடினர். இன்று என் வீடு, நாளை உன் வீடு என்பதே ஒப்பந்தம். கழற்றிய பழைய ஓலையும் வீணாகவில்லை. தோட்டத்து மண்ணில் புதைக்கப்பட்டுப் பசளையாயிற்று. வேய்ந்தவன் அடுத்த வளவுக்காரன். ஒழுகினால் அவன் முகத்தில் விழிக்கலாம். அதைவிடச் சிறந்த உத்தரவாதம் வேறில்லை.

இதனைப் பொற்காலமாக வருணிப்பதும் சரியன்று. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844 இல் தான். அதற்கு முன்னும் பின்னும், சாதியமைப்பின் கீழ் குடிமைக் கடமையாகப் பெறப்பட்ட உழைப்பும் பெரிய வீடுகளின் கூரைகளில் கலந்திருந்தது. 'கூடி வேய்ந்தோம்' என்ற நினைவில் எல்லோருக்கும் சம பங்கு இருக்கவில்லை.

ஓடும் கொந்தராத்தும்

1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658 இல் ஒல்லாந்தர் வந்தனர். இவ்விரு காலங்களும் கட்டடத் தொழிலில் விட்டுச்சென்ற தடத்தை நமது பேச்சிலேயே காணலாம். குறுக்கே கிடக்கும் பெருமரத்தைத் தீராந்தி என்கிறோம். ஓடு பதியும் மெல்லிய சட்டத்தை ரீப்பை என்கிறோம். வேலையை மொத்தமாகப் பேசிக் கொடுப்பதைக் கொந்தராத்து என்கிறோம். மூன்றும் போர்த்துக்கேயச் சொற்கள். கூரையின் மரத்துக்கு மட்டுமன்றி, கூரை போடும் வணிக உறவுக்கும் அந்நியச் சொல்லே வந்து சேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. நாட்கூலிக்கு ஆள் பிடித்துப் பொருளைத் தானே வாங்கிக் கொடுப்பது ஒரு முறை. கொந்தராத்துக் கொடுப்பது மற்றொரு முறை. இரண்டும் இன்றுவரை அருகருகே நிலவுகின்றன.

நாற்சார் வீடுகளில் முதலில் ஏறியது வளைந்த பீலியோடு. அதனைக் காகமும் பூனையும் நகர்த்திவிடும். ஆண்டுதோறும் ஏறி அடுக்க வேண்டும். இந்த நிலையை மாற்றியது கடலுக்கு அப்பாலிருந்து வந்த தட்டை ஓடாகும். ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் ஓட்டை 1841 இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த கிலார்டோனி சகோதரர்கள் உருவாக்கினர். 1865 இல் மங்களூரில் நேத்திராவதி ஆற்றங்கரையில் பாசல் மிசனைச் சேர்ந்த ஜோர்ஜ் பிளெப்ஸ்ட் இயந்திர ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவினார். பின்னர் கள்ளிக்கோட்டைப் பகுதியிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. அதே மலையாளக் கரையில்தான் முன்னொரு காலத்தில் அரண்மனைக்கும் கோயிலுக்கும் அப்பால் ஓடு வேயக் கூடாதென்ற கட்டுப்பாடு இருந்தது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்த பொருள் தொழிற்சாலைச் சரக்காகி, கப்பலேறி, நமது ஊர்களில் 'கள்ளிக்கோட்டை ஓடு' என்ற பெயரில் இறங்கியது.

ஓட்டு வீடு என்பது வசதியின் அடையாளமாயிற்று. ஆயினும் ஓடு வந்ததும் அயலவர் கூடும் வழக்கம் ஒழிந்தது. மேசனும் ஓடாவியும் தேவைப்பட்டனர். கூரையைத் தாங்கியது வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையே எனினும், அதைத் தெரிந்தெடுக்கும் அறிவு தொழிலாளியின் கைக்குப் போயிற்று.

லயத்தின் தகரம்

மலையகத்தின் கதை வேறு. அங்கே கூரை தொடக்கத்திலிருந்தே மற்றவனுடையது. லயத்தின் நீண்ட தகரக் கூரை பல குடும்பங்களுக்குப் பொதுவானது. துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் தார் பூசலாம், காற்றுக்குப் பறக்காமல் கல் ஏற்றலாம். அதற்கு மேல் தொழிலாளி எதுவும் செய்ய இயலாது. காணியும் கட்டடமும் தோட்டத்துடையவை. ஒரு குடும்பம் தன் பணத்தில் தன் அறைக்கு மேலுள்ள கூரையை மாற்ற நினைத்தாலும், பக்கத்து அறைக்கு மேலும் அதே தகடு நீண்டிருக்கும். எனவேதான் பிற்கால நலத்திட்டங்களில் 'கூரை மாற்றுதல்' தனியொரு பிரிவாகவே இடம்பெற்றது. கூரையை மாற்றினார்கள், லயம் லயமாகவே இருந்தது.

மலிந்த தகடு

ஆஸ்திரியரான லுட்விக் ஹாட்செக் 1901 இல் உரிமம் பெற்ற அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடு, 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இலங்கையில் பரவியது. மலிவு, இலகு, சிறிதளவு மரம் போதும். நடுத்தர வர்க்கத்தின் கூரையாக அது மாறியதில் வியப்பில்லை. ஆனால் எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் செல்வதால் குற்றவாளி தப்பிவிடுகிறது.

2018 முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி இலங்கைத் தேயிலைக்குத் தடை விதித்தது. அஸ்பெஸ்டஸை நமக்கு அனுப்பும் நாடும் ரஷ்யாவே. சில நாட்களில் இலங்கை தன் கட்டுப்பாட்டைத் தளர்த்த முன்வந்தது. தேயிலைத் தடையும் நீங்கியது. நமது கூரையின் மேல் எது இருக்க வேண்டும் என்பது தேயிலைச் சந்தையில் முடிவான கதை இது. நீண்டகாலம் அஸ்பெஸ்டஸை ஏற்றுமதி செய்த கனடா 2018 இறுதியில் தன் நாட்டில் அதைத் தடைசெய்தது என்பதையும் அங்கு வாழும் வாசகர்கள் நினைவிற் கொள்வர்.

கூரையற்ற சுவர்கள்

போர் முதலில் தின்றது கூரையையே. 1990 முதல் வலிகாமம் வடக்கிலும், 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின் ஏனைய பகுதிகளிலும், வெடிகுண்டுக்குத் தப்பிய வீடுகளின் ஓடும் மரமும் கழற்றப்பட்டன. ஒட்டுசுட்டானில் இருந்த ஓட்டுத் தொழிற்சாலையும் போரில் முடங்கியது. வன்னியில் தறப்பாளே கூரையாயிற்று. 2009 இன் பின் மீளக்குடியேறியோருக்கு இந்தியா மட்டும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட கூரைத் தகடுகளை வழங்கியது.

பின்னர் வந்தது 50,000 வீடுகளைக் கொண்ட இந்திய வீட்டுத்திட்டம். வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா. பணம் கட்டங்கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே சென்றது. மேசனைத் தெரிவுசெய்தவர் வீட்டுக்காரரே. பொருள்விலையும் கூலியும் ஏறியதால் பலர் கடன்பட்டனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் யாரிடம் வேலை கொடுப்பது என்ற உரிமை அவர்களிடம் இருந்தது.

2016 இல் இதற்கு நேரெதிரான திட்டம் முன்வைக்கப்பட்டது. 65,000 உருக்கு வீடுகளை ஒரே பன்னாட்டு நிறுவனம் அமைக்கும். ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. வெப்பம், நீடித்த உழைப்பு, உள்ளூர்த் தொழிலாளர் வேலையிழத்தல் என்பன குறித்துத் தமிழ் அரசியல்வாதிகளும் துறைசார் அறிஞர்களும் கேள்வி எழுப்பினர். அந்த அளவில் திட்டம் நிறைவேறவில்லை. கொந்தராத்தை யாருக்குக் கொடுப்பது என்ற வீட்டு வினா, நாடாளுமன்ற வினாவாக உயர்ந்த தருணம் அது.

இன்றைய வினா

ரொறன்ரோவில் வாழும் நம்மவரின் வீடுகளில் தார்பூசிய சிங்கிள்ஸ் கூரை. இருபது முப்பது ஆண்டுகளில் அதையும் மாற்ற வேண்டும். அங்கே மூவரிடம் விலை கேட்டு, எழுத்தில் உத்தரவாதம் பெற்றுத்தான் வேலை கொடுக்கிறார்கள். அதே மனிதர் ஊரிலுள்ள தாய்வீட்டின் கூரையை ஒரு தொலைபேசி உரையாடலில் ஒப்படைத்துவிடுகிறார். மேற்பார்வைக்கு அயலவர் இல்லை. ஏமாற்றத்துக்கு இடம் அங்கேதான் உண்டாகிறது.

ஆகவே சிலவற்றைக் குறித்துக்கொள்ளலாம். பேசும் தொகையில் ஓட்டின் வகை, மரத்தின் வகை, முகட்டோட்டுப் பூச்சு, பழைய பொருள் யாருக்கு என்பன தனித்தனியே எழுதப்பட வேண்டும். ஓடு மாற்றுமுன் சிலாகையை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கறையான் தின்ற மரத்தின் மேல் புது ஓடு ஏற்றுவது வீண். அஸ்பெஸ்டஸைக் கழற்றுவதாயின் நனைத்து, உடைக்காமல், முகமூடியணிந்து முழுத்தகடாக இறக்க வேண்டும். வாளால் அறுக்க விடலாகாது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, கூலியின் ஒரு பங்கை முதல் மாரி கழியும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். அயலவன் வேய்ந்த காலத்தில் மாரிதான் வேலையைச் சோதித்தது. கொந்தராத்துக்காரரின் வேலையையும் அதுவே சோதிக்கட்டும்.