ஒரு மனைக்கு ஒரு குடும்பம்: சண்டிகர் நகரின் எழுபதாண்டு வழக்கு

“வீட்டை பிளாட்டுக்குக் கொடுத்துட்டோம்” என்ற வாக்கியத்தைச் சென்னை உறவினர் வாயிலாகக் கேட்காத வெளிமாநிலத் தமிழர் இருக்க முடியாது. தி. நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் தாத்தா கட்டிய தனி வீடு இடிந்து, அந்த மனையில் ஆறோ எட்டோ குடித்தனங்கள் எழும். வீட்டுக்காரருக்கு இரண்டு பிளாட், கையில் கொஞ்சம் பணம், மற்றவை கட்டுநருக்கு. அதற்குப் பத்திரத்தில் யு.டி.எஸ். என்று ஒரு சொல் வரும், அதாவது மனையில் பிரிக்கப்படாத பங்கு. மண்ணைக் கோடு போட்டுப் பிரிக்காமல், காகிதத்தில் மட்டும் பிரிப்பது.

இந்தச் சின்னச் சொல்தான் சண்டிகரில் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2023 ஜனவரி 10 அன்று வந்த தீர்ப்பைப் பற்றி டெல்லி, பெங்களூரு அன்பர்கள் பலர் என்னிடம் போனில் விசாரித்தார்கள். “ஒரு வீட்டை மூணு பேர் வாங்கினா கோர்ட்டுக்கு என்ன சார்?” என்றார் ஒருவர். பதில் சொல்ல 1947-க்குப் போக வேண்டும்.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதும் கிழக்குப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போயிற்று. சிவாலிக் மலையடிவாரத்தில், சண்டி கோயில் இருந்த சமவெளியைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் திட்டம் போட்டவர்கள் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும் போலந்துக்காரரான மாத்யூ நொவிட்ஸ்கியும். 1950 ஆகஸ்டில் நொவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்தார். அதன் பிறகுதான் 1951-இல் லெ கார்பூசியே வந்தார். கூடவே அவருடைய உறவினர் பியர் ஜான்னரே, இங்கிலாந்திலிருந்து மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ தம்பதியர். ஊர் முழுவதையும் கார்பூசியேதான் கட்டினார் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வது சரியல்ல. குடியிருப்புகளில் பெரும்பகுதி மற்ற மூவரும் நம் இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வடிவமைத்தவை. கார்பூசியேயின் மனம் தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், சட்டமன்றம் உள்ள கேபிடல் வளாகத்தில்தான் இருந்தது. அந்த வளாகம் 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஊரை 800 மீட்டருக்கு 1200 மீட்டர் என்ற கட்டங்களாகப் பிரித்து ‘செக்டார்’ என்று பெயரிட்டார்கள். முதல் கட்டம் 1 முதல் 30 வரை (13 என்ற எண்ணை விட்டுவிட்டார்கள்). சுமார் 9,000 ஏக்கரில் ஒன்றரை லட்சம் மக்கள். இரண்டாம் கட்டம் 31 முதல் 47 வரை, சுமார் 6,000 ஏக்கரில் மூன்றரை லட்சம். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: முதல் கட்டத்தில் ஏக்கருக்குப் பதினேழு பேர், இரண்டாவதில் அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு. வடக்கே மலையைப் பார்த்தபடி இருப்பவர்களுக்கு இடம் தாராளம், தெற்கே வர வர நெருக்கம். சமத்துவ நகரம் என்று பேர் வாங்கிய ஊரில் அரசு வீடுகளைக்கூட முதலமைச்சர் முதல் பியூன் வரை பதின்மூன்று வகைகளாகத்தான் பிரித்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கடைசி வகை வீட்டுக்கும் தனிச் சமையலறையும் கழிப்பறையும் இருந்தன. 1950-களில் நம் நகரங்களில் கடைநிலை ஊழியருக்கு அது எளிதில் கிடைக்கவில்லை.

அரசு வீடு போக மீதி மனைகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாம் இழந்து வந்தவர்கள் ஏராளம். அளவை இங்கே மர்லா, கனால் என்பார்கள். சண்டிகர் கணக்கில் ஒரு மர்லா 25 சதுர கஜம். இருபது மர்லா ஒரு கனால், 500 சதுர கஜம். நம் கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆகவே பத்து மர்லா மனை ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு கனால் இரண்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதில் கட்டிய தனி வீட்டுக்கு இங்கே பெயர் ‘கோட்டி’. (திருநெல்வேலி அன்பர்கள் சிரிக்க வேண்டாம். கோட்டியில் குடியிருக்கிறேன் என்று ஊருக்குக் கடிதம் எழுதிப் படாத பாடு பட்டவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு.)

மனையை விற்கும்போதே நிபந்தனைகளும் சேர்ந்து வந்தன. 1952-இல் தலைநகர் வளர்ச்சிக்கென்றே ஒரு சட்டம். அதன் கீழ் 1960-இல் மனை, கட்டட விற்பனை விதிகள். அதில் 14-ஆம் விதி மிகச் சுருக்கம்: மனையையோ கட்டடத்தையோ துண்டாடக் கூடாது. ஒரு மனை, ஒரு வீடு, ஒரு குடும்பம். அப்போது இது யாருக்கும் கஷ்டமாகத் தெரியவில்லை. லாகூரிலும் லயால்பூரிலும் கூட்டுக் குடும்பமாக இருந்தவர்கள் கீழே அப்பா, மேலே அண்ணன், அதற்கும் மேலே தம்பி என்று அதே மாதிரி இருந்துகொண்டார்கள்.

பிரச்சினை இரண்டாம் தலைமுறையில் வந்தது. 1966 நவம்பர் 1 முதல் சண்டிகர் யூனியன் பிரதேசமாகி, பஞ்சாப், ஹரியானா இரண்டுக்கும் தலைநகராகவும் ஆயிற்று. அலுவலகங்கள் பெருகின, ஆட்கள் வந்தார்கள். நம்மவர்களும் வங்கி, ராணுவக் கணக்கு, ஆய்வு நிறுவனம், மருத்துவமனை என்று வந்தவர்கள்தானே. ஐந்து லட்சத்துக்குத் திட்டமிட்ட ஊரில் 2001 கணக்கெடுப்பில் 9,00,635 பேர். 2011-இல் 10,55,450. நிலமோ அதே 114 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் பஞ்சாபின் மொகாலி, இன்னொரு பக்கம் ஹரியானாவின் பஞ்ச்குலா. நகர எல்லையை நீட்ட வழியில்லை.

இந்த நிலையில்தான் 2001 டிசம்பரில் நிர்வாகம் ‘சண்டிகர் அபார்ட்மென்ட் விதிகள்’ கொண்டுவந்தது. தனி வீட்டின் ஒவ்வொரு தளத்தையும் தனிச் சொத்தாக அறிவித்து விற்கலாம். ஐம்பதாண்டு வழக்கம் ஒரே அறிவிக்கையில் மாறிற்று.

அந்த நாட்களில் நான் 27-ஆம் செக்டாரில் பத்து மர்லா வீடொன்றில் மாடியில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மாள் ராவல்பிண்டியில் பிறந்தவர், நாங்கள் பீஜி என்போம். மூன்று பிள்ளைகள், இரண்டு பேர் கனடாவில். அவரே ஒருநாள், “நீயும் உன் சிநேகிதர்களும் ஆளுக்கொரு தளம் எடுத்துக்கங்க, நான் பெங்களூருக்குச் சின்ன மகனோட போயிடறேன்” என்றார். நான், ஒரு மலையாளி, ஒரு வங்காளி, மூவருமே சம்பளக்காரர்கள். முழு வீட்டை எங்களில் யாரும் ஏழு ஜென்மத்திலும் வாங்க முடியாது. மூன்றில் ஒரு பங்கு என்றால் கடன் வாங்கி எட்டிப் பிடிக்கலாம். ஆறு மாதம் பேசினோம். வங்கியில் சட்ட ஆலோசகர் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், “ரூல் நிக்குமான்னு தெரியலை” என்று. என் மனைவிக்குக் கோபம். “என்னங்க இது, நம்ம ஊர்ல யு.டி.எஸ்.னு எழுதி ஊர் பூரா விக்கறாங்க. இங்க மட்டும் என்ன புதுசா?” என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

குடியிருப்போர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2007 அக்டோபரில் விதிகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. அதே ஆண்டு புதிய எஸ்டேட் விதிகள் வந்தன. அவற்றின் 16-ஆம் விதியும் துண்டாடுவதைத் தடுத்தது. கதை முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. விதி போனாலும் தேவை போகவில்லை அல்லவா? கட்டுநர்கள் வேறு பாதை கண்டார்கள். ஒரு வீட்டை வாங்குவது, இடித்து மூன்று தளமாகக் கட்டுவது, மூன்று பேருக்குப் பங்காக விற்பது. 50, 30, 20 விழுக்காடு என்று பங்கு எழுதுவது வழக்கம். கீழ்த்தளத்துக்குப் பெரும் பங்கு. பத்திரத்தில் ‘பிரிக்கப்படாத பங்கு’ என்றுதான் இருக்கும், தளம் என்ற பேச்சே இருக்காது. யார் எந்தத் தளம் என்பது மூவருக்குள் தனி உடன்படிக்கை. பதிவு அலுவலகத்துக்கு இது கூட்டு உடைமை. வாசலில் பார்த்தால் மூன்று அழைப்பு மணி, மூன்று மின்சார மீட்டர், ஆறு கார். நம் யு.டி.எஸ். தான், ஆனால் கொல்லைப்புற வழியாக வந்தது.

இதை எதிர்த்து 10-ஆம் செக்டார் குடியிருப்போர் நலச் சங்கம் 2016-இல் உயர் நீதிமன்றம் சென்றது. 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது: பங்கை விற்பது உடைமை உரிமை, அது துண்டாடல் ஆகாது என்பது அதன் கருத்து. மேல்முறையீட்டில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், பி.வி. நாகரத்னா அமர்வு இதைத் திருப்பிவிட்டது. 2001 விதிகளை விலக்கிய பிறகு அதையே வேறு பெயரில் செய்ய விடுவது, நேராகச் செய்யக் கூடாததை மறைமுகமாகச் செய்வது என்றது. முதல் கட்டச் செக்டார்களில் ஒற்றைக் குடும்ப வீட்டை அடுக்கு வீடாக்கும் வரைபடங்களுக்கு அனுமதி கூடாது. பங்குதாரர்கள் தளம் பிரித்துக்கொள்ளும் உடன்படிக்கையைப் பதிவு செய்யக் கூடாது, அது சட்டப்படி செல்லவும் செல்லாது. நம் ஊரில் எஃப்.எஸ்.ஐ. என்று சொல்லும் தளப்பரப்பு விகிதம் இனிமேல் உயரக் கூடாது. மூன்று தளத்துக்கு மேல் வேண்டாம். அடர்த்தியைக் கூட்டுவது பற்றிப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு முதலில் ஆராய வேண்டும், விதித் திருத்தத்துக்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். திட்டமில்லாமல் வளர்ந்து மூச்சு திணறும் நகரத்துக்கு உதாரணமாகத் தீர்ப்பு பெங்களூருவைச் சுட்டியிருக்கிறது. அங்கிருக்கும் நம் அன்பர்கள் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தீர்ப்பின் நோக்கத்தை நான் மதிக்கிறேன். இந்த ஊரின் மரங்களும் நிழற்சாலைகளும் யாரோ ஒருவர் ‘முடியாது’ என்று சொன்னதால் நிற்பவை. தண்ணீர் கஜௌலியில் பக்ரா கால்வாயிலிருந்து எடுத்துக் குழாயில் வருகிறது. நாட்டிலேயே தலைக்கு வாகனம் மிகுந்த நகரங்களில் இதுவும் ஒன்று. மூன்று குடும்பமானால் குழாயும் சாக்கடையும் தெருவும் தாங்குமா என்ற கேள்வி வெறும் பணக்காரர் முணுமுணுப்பு அல்ல.

ஆனால் ஒன்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. தீர்ப்புக்கு அடுத்த மாதம், 2023 பிப்ரவரியில், குடும்பத்துக்கு வெளியே உள்ளவருக்குச் சொத்தின் பங்கை மாற்றுவதை நிர்வாகம் தடுத்தது. குடும்பத்துக்குள் தடை இல்லை. அப்படியானால் அண்ணன், தம்பி, அக்கா மூவரும் ஆளுக்கொரு தளத்தில் மூன்று அடுப்பு, ஆறு கார் வைத்துக்கொள்ளலாம். தண்ணீரும் சாக்கடையும் அதேதான். ஒரு தமிழர், ஒரு மலையாளி, ஒரு வங்காளி அதே மூன்று தளத்தில் இருந்தால் அது அடர்த்தி! எத்தனை பேர் என்பதை விட யார் என்பதைத்தான் விதி எண்ணுகிறது. கட்டடத்தின் உயரம் மாறவில்லை, முகப்பு மாறவில்லை. மாறுவது பத்திரத்தில் உள்ள பெயர்கள் மட்டும். பாரம்பரியம் என்பது காங்கிரீட்டிலா, இரத்த உறவிலா என்பதை யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்வேன்.

இந்த இடத்தில் அண்டை ஊரையும் பார்க்க வேண்டும். பஞ்ச்குலா சண்டிகரிலிருந்து ஒரு சாலையைத் தாண்டினால் வருவது. ஹரியானா அங்கே தளம் தளமாகப் பதிவு செய்ய விட்டது. கீழே தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தம், மேலே நான்கு தளம் என்றும் அனுமதித்தது. பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது, வெளிச்சம் போயிற்று என்று அங்கேயும் எதிர்ப்பு. 2023 பிப்ரவரியில் நான்கு தள அனுமதியை நிறுத்திவைத்தார்கள். 2024 ஜூலையில் அக்கம்பக்கத்தார் சம்மதம், இடைவெளி போன்ற நிபந்தனைகளோடு மறுபடி திறந்தார்கள். ஒரே மாதிரி மனை, ஒரே மாதிரி மனிதர்கள். சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு நீதி, அந்தப் பக்கம் ஒரு நீதி.

சண்டிகருக்குள் நடுத்தர வர்க்கத்துக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1976-இல் தொடங்கிய வீட்டு வசதி வாரியம் தெற்குச் செக்டார்களில் அடுக்கு வீடுகள் கட்டிற்று. 48, 49 பக்கம் கூட்டுறவுச் சங்கங்கள் கட்டின. நம் குடும்பங்கள் பல அங்கேதான் இருக்கின்றன, 31-ஆம் செக்டார் முருகன் கோயிலுக்கும் அது கிட்டம். ஆனால் இன்று புதிதாக வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் ஜீரக்பூர், கரட் என்றுதான் வீடு பார்க்கிறார்கள். 1952-இல் நகரைச் சுற்றி ஐந்து மைல், 1962-இல் பத்து மைல் என்று விவசாய வளையத்தைக் காக்க ஒரு சட்டம் போட்டார்கள். அந்த வளையத்தில்தான் இப்போது பல அடுக்குக் கோபுரங்கள் நிற்கின்றன. உள்ளே வேண்டாம் என்ற அடர்த்தி வெளியே போய் உட்கார்ந்திருக்கிறது, காலை எட்டரை மணிக்கு காரில் ஏறி உள்ளே வருகிறது.

பீஜி 2011-இல் காலமானார். வீடு மூன்று பிள்ளைகளுக்கும் சேர்ந்து வந்தது. பெங்களூரு மகன் தன் பங்கை விற்க நினைத்தார்; வெளியாளுக்கு விற்க முடியாது, கனடாவில் இருப்பவர்களுக்கு வாங்க விருப்பமில்லை. மூவரும் சேர்ந்து முழு வீட்டை விற்றால்தான் உண்டு, அந்த விலைக்கு வருபவர் குடியிருக்க வருவதில்லை. ஒன்றரை லட்சம் பேருக்கென்று கோடு போட்ட செக்டார்களில் இப்படிப் பூட்டிய கதவுகள் எத்தனை என்று பாரம்பரியக் குழு எண்ணிப் பார்த்தால் நல்லது. நான் இருந்த மாடியில் இப்போது ஒரு காவலாளி, மனைவி, இரண்டு குழந்தைகளோடு இருக்கிறார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதும் அவர்தான்.