அங்கியும் அபினியும்

அபினி விற்ற பணத்தில் அறிவுக்கூடம் நடத்தலாமா? விந்தையான கேள்வி அல்லவா, தோழர்களே! ஆனால், பிலிப்பைன் தீவுகளை அடக்கி ஆண்ட அமெரிக்கர், 1903ஆம் ஆண்டு, அபினி விற்கும் ஏகபோக உரிமையை ஏலம் விடவும், கிடைக்கும் தொகையைக் கல்விக்குச் செலவிடவும் மசோதாவே தீட்டினர். பாதிரிமார் கொதித்தனர், வாஷிங்டனுக்குத் தந்திகள் பறந்தன, மசோதா நின்றது.

பாவம் என்று பதறியோர் பலர். கண்டறிந்து வருவோம் என்று புறப்பட்ட மூவருள் ஒருவர் சார்லஸ் ஹென்றி பிரெண்ட். 1862இல் கனடாவில் பிறந்தவர். பாஸ்டன் நகரின் ஏழைகள் பகுதியில் பத்தாண்டு குருவாக இருந்து, எபிஸ்கோப்பல் திருச்சபையின் பேராயராக 1902இல் மணிலா சேர்ந்தவர். மூவர் குழு ஜப்பான், ஷாங்காய், ஹாங்காங், சைகோன், சிங்கப்பூர், பர்மா, ஜாவா என்று துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிற்று. தன் மண்ணில் அபினியை அறவே தடுத்த ஜப்பான், பார்மோசாவில் அதைப் படிப்படியாகக் குறைத்து வந்த முறையையும் ஆராய்ந்தது. மூன்றாண்டில் ஒழித்துவிடுக என்றது அறிக்கை. 1908 மார்ச் முதல், மருந்துக்கன்றி வேறெதற்கும் பிலிப்பைனில் அபினி கூடாது என்றாயிற்று. வேதம் ஓதி வந்த விளைவன்று இது. விசாரித்து வந்த விளைவு!

ஒரு தீவுக்கூட்டத்தில் தடுத்தால் போதுமா? கங்கைச் சமவெளியில் விளைந்து, கல்கத்தாவில் ஏலம் போன அபினி, பிரிட்டிஷ் இந்தியாவின் கருவூலத்தை நிரப்பியபடி கீழ்க்கடலெங்கும் மிதந்ததே! எனவே, நாடுகள் கூடிப் பேச வேண்டுமென 1906இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதினார் பிரெண்ட். 1909இல் ஷாங்காயில் 13 நாடுகள் கூடின, தலைமை அவருக்கே. அங்கு பிறந்தவை தீர்மானங்களே, யாரையும் கட்டுப்படுத்தவில்லை. 1912 ஜனவரியில், ஹேக் நகரில், மீண்டும் அவர் தலைமையில்தான் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

பாராட்டுகிறோம், தயக்கமின்றி. ஆயினும், அவர் நின்றது வென்றவரின் கொடி நிழலில் என்பதை மறக்க இயலுமா? 1913இல், பூட் பக்சாக் குன்றில், பெண்டிரும் பிள்ளைகளும் உட்பட மோரோ மக்கள் குண்டுகளுக்கு இரையாயினர். அப்படையை நடத்திய பெர்ஷிங், பிரெண்டின் கையால் திடப்படுத்தல் சடங்கு பெற்றவர், நண்பர். 1918இல் பிரான்சில் போரிட்ட அமெரிக்கப் படைக்கும் அதே பெர்ஷிங்தான் தளபதி; அவர் அழைக்க, படைக்குருமாருக்கெல்லாம் தலைவரானார் பிரெண்ட். சாகும் இளைஞனுக்கு ஆறுதல் சொன்னதை நாம் குறை கூறவில்லை. அபினிக்கு யார் விலை கொடுக்கிறார், யார் வருவாய் பெறுகிறார் என்று துறைமுகந்தோறும் துருவியவர், அந்தப் போர்க்களத்திலும் அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாமா என்றே கேட்கிறோம்.

அபினி வழக்கை அவர் விட்டுவிடவில்லை. 1923இல் ஜெனீவாவில், சர்வதேச சங்கத்தின் அபினிக் குழுவின்முன், அமெரிக்காவின் பேராளராக மீண்டும் நின்றார். 1927இல் லோசான் நகரில் பல திருச்சபைகளை ஒரே மண்டபத்தில் அமர்த்திப் பேசவைத்தார். 1929இல் அதே நகரில் உயிர் நீத்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.