காப்பர் பெப்டைட்: மறந்துபோன பாதித் தலைப்பு

காப்பர் பெப்டைட் சீரத்துக்குப் பக்க விளைவு உண்டா என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில் இது: "நம்ம ரத்தத்துலயே இருக்கிற பொருள்தானே, என்ன ஆகிடப் போகுது?" இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 1973இல் போய் நிற்கிறோம்.

அந்த வருடம் சான் பிரான்சிஸ்கோவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரன் பிக்கார்ட்டும் மைக்கேல் தேலரும் மனித ரத்தத்தில் இருக்கும் ஒரு துணுக்கைப் பற்றி 'நேச்சர் நியூ பயாலஜி' இதழில் எழுதினார்கள். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என மூன்றே அமினோ அமிலங்கள் கோத்தது. இன்றைக்கு ஜிஹெச்கே என்கிறோம். கட்டுரையின் தலைப்பே இரண்டு விஷயம் சொன்னது: சாதாரணக் கல்லீரல் செல்களை இது கூடுதல் காலம் உயிரோடு வைத்திருக்கிறது, புற்றுக் கல்லீரல் செல்களின் வளர்ச்சியையும் தூண்டுகிறது. விளம்பரங்களுக்கு வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டும்.

அதற்காக க்ரீம் பூசினால் புற்றுநோய் வரும் என்று அர்த்தமில்லை. அது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் பார்த்தது. பிற்பாடு நேர் எதிர்த் திசையைக் காட்டிய செல் ஆய்வுகளும் உண்டு. "வளர்ச்சியைத் தூண்டும்" பொருளுக்கு எதை வளர்க்கிறோம் என்று தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

1980இல் பிக்கார்ட் குழு, இந்தத் துணுக்கு செல்லுக்குள் தாமிரம் போக உதவுவதாக இருக்கலாம் என்றது. 1988இல் பிரான்ஸின் மக்கார் குழு, தாமிரத்தோடு சேர்ந்த ஜிஹெச்கே தோல் செல்களில் கொலாஜனைக் கூட்டுவதைக் காட்டியது. அதே குழு பிற்பாடு, பழைய இழைகளை உடைக்கும் ஒரு நொதியையும் இது கூட்டுகிறது என்றது. கட்டுவதும் இடிப்பதும் ஒரே கை!

இதற்குப் பிறகுதான் முக்கியமான திருப்பம். பொருள் கடைக்கு வந்தது பெரும்பாலும் அழகுசாதன வாசல் வழியாக. அமெரிக்காவில் அழகுசாதனப் பொருளுக்கு மருந்தைப் போல முன்அனுமதி தேவையில்லை. வருடக்கணக்கில் ஆட்களைக் கண்காணித்துக் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. பக்க விளைவுப் பட்டியல் சின்னதாக இருக்க இதுவும் ஒரு காரணம். தேடிக் கிடைக்காதது வேறு, தேடாதது வேறு.

தெரிந்தவரை, பூசுகிறவர்களுக்கு வருவது சிவத்தல், அரிப்பு, எரிச்சல். புளிப்புத்தன்மை அதிகமுள்ள வைட்டமின் சி சீரத்தோடு சேர்த்துப் பூசினால் தாமிரம் அந்த வைட்டமினைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

தாமிரக் கணக்கும் பயமுறுத்துவதில்லை. எடையில் சுமார் 16 சதவீதம் தாமிரம். 1 சதவீத சீரத்தில் ஒரு மில்லி பூசினால் ஒன்றரை மில்லிகிராம், அதிலும் பெரும்பகுதி தோலுக்கு மேலேயே நின்றுவிடும். ஆனாலும் உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஊசி வேறு கதை. தோல் என்ற தடுப்பே அங்கே கிடையாது. 2023இல் அமெரிக்காவின் எஃப்டிஏ, மருந்தகங்கள் கலந்து தயாரிப்பதில் பாதுகாப்புச் சிக்கல் இருக்கக்கூடிய பொருட்களின் பட்டியலில் ஊசி வழி ஜிஹெச்கே-காப்பரைச் சேர்த்தது. க்ரீமுக்குக் கிடைத்த நல்ல பெயரைக் காட்டி ஊசி விற்பவர்களிடம் கேட்க ஒரே கேள்விதான்: இது எந்த வழியாக உடம்புக்குள் போனபோது பரிசோதித்தது?