கணினிக்கு மீட்டர் போட்ட கதை

1973இல் சென்னை ஐஐடியில் இரண்டு காரியங்கள் நடந்தன. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு ஐபிஎம் 370/155 என்ற பெரிய கணினி வந்து இறங்கியது. அதே ஆண்டில்தான் ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இடஒதுக்கீடும் வந்தது. முதலாவதை இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். இரண்டாவதையொட்டி எழுந்த ‘தகுதி போச்சு’ புலம்பல் இன்னும் ஓயவில்லை. தோழர்களே, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நம் கேள்வி வரும்: கதவு திறந்த பிறகு, உள்ளே இருக்கும் இயந்திரத்தில் யாருக்கு எவ்வளவு நேரம்?

அந்தக் காலத்துப் பெரிய கணினியில் உட்கார்ந்து தட்டிப் பார்த்துப் பழக முடியாது. நிரலைத் துளையிட்ட அட்டைகளில் அடித்து, கட்டாகக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு கமா விட்டுப்போனாலும் பிழை அச்சாகி வரும். திருத்திவிட்டு மறுபடியும் வரிசை. இயந்திரத்தின் நேரத்தை நொடிக் கணக்கில் அளந்து பங்கிடுவது உலகம் முழுக்க வழக்கமாக இருந்தது. வீட்டிலேயே கணக்குச் சொல்லித்தர ஆள் இருந்தவருக்கு நாலு முறை போதும். முதல் தலைமுறையாக வந்தவருக்கு நாற்பது முறை வேண்டும்.

‘செயற்கை நுண்ணறிவு’ என்று பெயர் வைத்த ஜான் மெக்கார்த்திதான், தொலைபேசியைப் போலக் கணினியும் ஒருநாள் பொதுச் சேவையாகலாம் என்று 1961இல் எம்ஐடி நூற்றாண்டு விழாவில் சொன்னார். டார்ட்மவுத் கல்லூரியின் கெமனியும் கர்ட்ஸும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1964இல் பேசிக் மொழியை உருவாக்கி, மாணவர்களுக்குக் கணினியைக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டார்கள். நூலகத்தில் போய்ப் புத்தகத்தை எடுப்பதுபோல மாணவர் கணினியை எடுத்தாள வேண்டும் என்பது கெமனியின் வாதம். (அந்தக் கல்லூரியில் 1972 வரை பெண்கள் பட்டப்படிப்பில் சேர முடியாது. ‘எல்லோருக்கும்’ என்று யார் சொன்னாலும் எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது.) ஆக, மீட்டர் இல்லாமலும் நடத்த முடியும் என்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள்.

இப்போதைய கதைக்கு வருவோம். நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் 2022 ஜூனில் மாதம் 10 டாலருக்கு எல்லோருக்கும் திறக்கப்பட்டது. கல்லூரிச் சான்று காட்டிய மாணவர்களுக்கு இலவசம். படிப்பை நிறுத்திவிட்டு வேலை தேடுபவரிடம் அந்தச் சான்று ஏது? 2025 ஜூனில் அதே 10 டாலர் திட்டத்தில் உயர்ரக மாடல்களுக்கு மாதம் 300 கோரிக்கை என்று வரம்பு வந்தது. தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் 4 சென்ட். அதே மாதம் கர்சர் நிறுவனமும் கோரிக்கைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, 20 டாலருக்கு உள்ளடங்கிய பயன்பாடு என்று கணக்கை மாற்றியது. எதிர்பாராத பில்லைப் பார்த்தவர்கள் கொதித்தார்கள். ஜூலையில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது.

ஏன் இப்படி? உள்ளே ஓடும் மீட்டர் டோக்கன். அதாவது சொல்லின் துண்டு. நாம் அனுப்புவதற்கும் கணக்கு உண்டு, அது எழுதித் தருவதற்கு அதைவிடப் பல மடங்கு கணக்கு. பேச்சு நீள நீள, பழைய பேச்சு முழுவதும் ஒவ்வொரு முறையும் திரும்பப் போகிறது. திரும்பப் போகும் பகுதிக்குத் தள்ளுபடி தரும் ஏற்பாடு இருந்தாலும் அதுவும் கணக்கில் ஏறும். ‘வரலையே, மறுபடி பார்’ என்று இருபது முறை கேட்பவருக்கே மீட்டர் வேகமாக ஓடும். அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் கற்றுக்கொள்பவர்.

தமிழில் கேட்டால் இன்னொரு சுமை. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓபன்ஏஐ நிறுவனமே ஓர் ஒப்பீட்டைக் காட்டியது. ஒரே செய்தி, பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116. புதிய முறையில் 24க்கு 35. நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனாலும் தாய்மொழியில் யோசிப்பவர்தான் இன்றும் கூடுதலாகக் கட்டுகிறார்.

பாலவாக்கத்திலிருந்து பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் பெருங்குடி, கந்தன்சாவடி. அங்கே வேலை செய்பவரின் மீட்டருக்கு நிறுவனம் பணம் கட்டிவிடும். இந்தப் பக்கம் அறையெடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு நள்ளிரவில் வரம்பு முடிந்தால் திரை அப்படியே நிற்கும். கைக்காவலுக்குச் சில வழிகள் உண்டு: புது வேலைக்குப் புது உரையாடல் தொடங்குங்கள், தேவையான கோப்பை மட்டும் கொடுங்கள், பணம் கட்டும் கணக்கில் செலவு உச்சவரம்பை முதலிலேயே போட்டுவிடுங்கள். இதெல்லாம் சிக்கனம்தான், உரிமை வேறு.

2011இல் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தர முடிந்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் தமிழ்நாட்டில் நிறைவேறியது; மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்கச் சொல்லும் சட்டம் அது. அந்த நிதியிலிருந்து விடுதி மாணவர்களுக்குப் பொதுக் கணக்கு ஏன் கூடாது? கல்லூரி ஆய்வகத்திலேயே திறந்த மாடல் ஒன்றை ஏன் நிறுவக் கூடாது? ஆதிதிராவிடர் நலத்துறைக்கு அனுப்ப வேண்டிய மனுவில் இந்த இரண்டு கேள்வியையும், ஒரு மாணவருக்கு மாதம் எவ்வளவு என்ற எண்ணையும் எழுதுங்கள்.