படிக்கட்டு எங்கே என்பதல்ல கேள்வி

எல்லா ஐடி கம்பெனியிலும் பிசிபி என்று ஒரு ஆவணம் உண்டு. பேரிடர் வந்தாலும் தொழில் நிற்காமல் நடப்பதற்கான திட்டம். ஆடிட்டர் வரும்போதுதான் தூசி தட்டுவார்கள். ஆவணத்துக்கும் ஒத்திகைக்கும் எவ்வளவு தூரம் என்று புரிஞ்சுக்க ரிக் ரெஸ்கோர்லாவின் கதை உதவும்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தவர். அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, 1965-ல் வியட்நாமின் இயா டிராங் போரில் சண்டையிட்டவர். பிறகு நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில் இருந்த டீன் விட்டர் நிதி நிறுவனத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி ஆனார். கீழ்த்தள பார்க்கிங்கில் யாராவது வெடிகுண்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தலாம் என்று 1990-லேயே எச்சரித்தார். கட்டிடத்துக்குச் சொந்தமான துறைமுக ஆணையம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1993 பிப்ரவரி 26 அன்று அதேதான் நடந்தது. 6 பேர் இறந்தார்கள்.

மறுபடியும் தாக்குவார்கள், ஆபீஸை நியூஜெர்சிக்கு மாத்திடலாம் என்றார். குத்தகை 2006 வரை இருந்தது, நடக்கலை. சரி, அப்படின்னா எல்லோரும் ஒத்திகை பார்த்தே ஆகணும் என்று பிடிவாதமாக நின்றார். திடீர் திடீரென்று டிரில். இரண்டிரண்டு பேராகப் படி இறங்கணும். 1997-ல் நிறுவனம் மார்கன் ஸ்டான்லியோடு இணைந்த பிறகும் விடவில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் பணம் புரளும் தொழிலில் போனை வெச்சுட்டு எழுந்திருன்னா முணுமுணுப்பு வராமல் இருக்குமா? வந்தது. அவர் கண்டுகொள்ளவில்லை.

2001 செப்டம்பர் 11, காலை 8:46. வடக்குக் கோபுரத்தில் விமானம் மோதியது. தெற்குக் கோபுரத்தின் ஒலிபெருக்கியோ, இங்கே ஆபத்தில்லை, அவரவர் இடத்துக்குத் திரும்பலாம் என்றது. ரெஸ்கோர்லா மெகாபோனை எடுத்து எல்லோரையும் இறங்கச் சொன்னார். 9:03-க்கு இரண்டாவது விமானம் இந்தக் கோபுரத்திலேயே மோதியது. 9:59-க்குக் கோபுரம் சரிந்தது. மார்கன் ஸ்டான்லியின் சுமார் 2,700 ஊழியர்களில் இறந்தவர்கள் 13 பேர். மிச்சம் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க மறுபடி மேலே போன ரெஸ்கோர்லாவும் அதில் ஒருவர்.

ஒத்திகை அவர்களுக்குப் படிக்கட்டைக் காட்டியது என்றால் பாதிதான் உண்மை. படிக்கட்டு எந்தப் பக்கம்னு போர்டைப் பார்த்தாலே தெரியும். “இறங்கலாமா? யாரைக் கேட்கிறது?” என்ற கேள்விக்குத்தான் எட்டு வருஷ ஒத்திகை முன்கூட்டியே பதில் சொல்லி வைத்திருந்தது. அதனால்தான் ஒலிபெருக்கி வேறு சொன்னபோதும் கால்கள் நிற்கவில்லை.

நம்ம பிசிபி-யில் போன் நம்பர் இருக்கும், சர்வர் பட்டியல் இருக்கும். “கிளம்பு” என்று யார் சொல்லலாம், மேலிடம் வேறு மாதிரி சொன்னால் யார் பேச்சைக் கேட்பது? அடுத்த ரிவ்யூவில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்க.