மாற்றலில் வந்த ஐவர்

திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் கால்பந்துச் செய்தி பார்த்துக்கொண்டிருந்த பேரன் கேட்டான்: "ஏனுங் அப்புச்சி, வெளியூர்ல இருந்து ஒருத்தனக் கொண்டாந்து விட்டா டீமே மாறிருமாங்?"

சர்வீஸில் நானும் பலமுறை மாற்றலில் போனவன். நான் போய் எந்த ஆபீஸும் திருந்தியதில்லை. ஆனால் கல்கத்தாவில் அப்படி ஒன்று நடந்தது.

ஈஸ்ட் பெங்கால் கிளப் 1920இல் தொடங்கியது. 1947 பிரிவினையில் வீடு வாசலை விட்டுவிட்டு அகதிகளாக வந்து சேர்ந்த கிழக்கு வங்காளிகளுக்குச் சொந்த ஊரின் பெயர் மிஞ்சியது இந்தக் கிளப்பில்தான். அவர்களுக்கு ஜெயித்துக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? நம் தெற்கத்திக்காரர்கள்!

கிளப் நிர்வாகி ஜோதிஷ் குகா ஆள் சேர்ப்பதில் கெட்டிக்காரர். ஆந்திராவின் அப்பா ராவும் கேரளத்தின் சாலேயும் முன்பே வந்திருந்தார்கள். பிறகு வெங்கடேஷ், தன்ராஜ். 1949இல் பெங்களூர் அகமது கான். முன்வரிசை ஐந்து இடமும் தென்னாட்டாருக்கே. பஞ்ச பாண்டவர் என்று பெயர் வைத்தது கல்கத்தா. அதனால் ஐந்து வங்காளப் பையன்கள் வெளியே உட்கார வேண்டியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அகமது கானை எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும், பெயரளவில். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது எங்கள் விளையாட்டு வாத்தியார், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் இந்தியாவை 2-1 என்று வென்ற கதையைப் பெருமையாகச் சொல்வார். நம்மவர்கள் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள் என்பதையும், ராமன் ஒரு கோல் போட்டார் என்பதையும், இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டுத்தான் தோற்றோம் என்பதையும் மனுஷர் சொன்னதே இல்லை! அந்த அணியில் இருந்தவர் அகமது கான்.

அவர் ஆடியது இடது உள் முன்கள இடம். அக்கால முறையில் முன்னால் ஐந்து பேர். உள்ளே ஆடும் இருவர் பின்னால் இறங்கி வந்து பந்தை வாங்கி, ஓரத்து ஆட்களுக்கோ நடுவில் நிற்பவருக்கோ பிரித்துக் கொடுக்க வேண்டும். வலப்பக்கம் அந்த வேலையை அப்பா ராவ் ஏற்கெனவே செய்துவந்தார். இடப்பக்கமும் ஒரு கை வந்ததும், எதிரணி எந்தப் பக்கத்தை அடைப்பது? வலது ஓரத்தில் வெங்கடேஷ், இடது ஓரத்தில் சாலே, நடுவே தன்ராஜ். ஒருவரை மடக்கினால் மற்றவர் சும்மா நிற்பார்.

1949இல் கல்கத்தா லீக், ஐ.எப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஈஸ்ட் பெங்காலுக்கு. ஷீல்டு 1950, 1951இலும். டூரண்ட் கோப்பை 1951, 1952இல்.

அகமது கான் தனியாக வந்து இதைச் சாதித்தார் என்று நான் நம்பவில்லை. பழைய ஆட்கள் காலி வைத்திருந்த இடத்தில் பொருந்தினார், அவ்வளவுதான். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றபோது அந்த ஒரு கோலும் அவருடையதே. பக்கத்தில் அப்பா ராவ் இல்லாமல் ஒற்றை ஆள் என்ன செய்ய முடியும்?

1953க்குப் பின் ஐவர் கூட்டணி கலைந்தது. அகமது கான் கல்கத்தாவிலேயே மேலும் சில வருடம் ஆடிவிட்டு, 2017இல் பெங்களூரில் காலமானார்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பேரன் கேட்டான்: "அப்ப அவருக்கு எத்தனை கோடிங் அப்புச்சி குடுத்தாங்க?"